பிளேட்லெட் எண்ணிக்கையை மட்டும் எழுதி அனுப்பாதீர்கள்: காய்ச்சலும் ரத்தமும், கேள்வி-பதில்

கேள்வி: பிளேட்லெட் 42 ஆயிரம். ஏற்ற வேண்டுமா? (தர்மபுரி)

வயது என்ன, காய்ச்சல் எத்தனையாவது நாள், பிரஷர் எவ்வளவு? ஒன்றும் எழுதவில்லை. டெங்கு என்றே வைத்துக்கொள்வோம். ரத்தக்கசிவு இல்லாதவருக்கு 42 ஆயிரத்தில் ஏற்றத் தேவையில்லை. காய்ச்சல் விட்டபின் வரும் ஒன்றிரண்டு நாள்தான் கண்டம். விடாத வாந்தி, வயிற்றுவலி, கை கால் சில்லிடுதல் இருந்தால் உடனே ஆஸ்பத்திரி. இடுப்பில் ஊசி வேண்டாம். தசைக்குள் ரத்தம் கட்டும்.

கேள்வி: பப்பாளி இலைச் சாறு? (காவேரிப்பட்டணம்)

அதை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: சிறுநீர்த் தொற்று முற்றி அப்பா ஐசியூவில் இருக்கிறார். ஊசி குத்திய இடமெல்லாம் ரத்தம் கசிகிறது. டாக்டரோ உள்ளே ரத்தம் உறைகிறது என்கிறார். எது உண்மை? (பாலக்கோடு)

இரண்டும். இதுதான் டிஐசி. கிருமியின் தாக்குதலில் சின்னச் சின்ன ரத்தக்குழாய்களில் உறைகட்டிகள் உண்டாகின்றன. ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட்டும் ஃபைப்ரினோஜன் புரதமும் அதிலேயே செலவாகிவிடுவதால் மற்ற இடங்களில் ரத்தம் நிற்காது. கசிவுக்கு பிளாஸ்மா, பிளேட்லெட் கொடுப்பார்கள். ஆனால் இதற்குக் காரணமான தொற்று அடங்காமல் இது அடங்காது. சிறுநீர்ப் பாதையில் கல்லோ சீழோ அடைத்திருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அதை வெளியேற்றுவதுதான் முதல் வேலை.

கேள்வி: தம்பிக்குக் காய்ச்சல். உள்ளூரில் மூன்று நாள் ஊசி போட்டதும் விட்டது, மறுபடி வந்தது. இப்போது எல்லா அணுக்களும் குறைவு, ரத்தத்தில் ஃபெரிட்டின் என்ற இரும்புச்சத்துப் புரதம் பத்தாயிரத்துக்கு மேல். எலும்பு மஜ்ஜை எடுக்க வேண்டுமாம். ரத்தப் புற்றுநோயா? (பென்னாகரம்)

அந்த ஊசியில் என்ன இருந்தது? சீட்டு இல்லை, கேட்கவும் இல்லை. நான் பார்த்தவரை பெரும்பாலும் வலிநிவாரணி டைக்ளோஃபெனாக்கும், ஸ்டீராய்டான டெக்ஸாமெத்தசோனும்தான். ஸ்டீராய்டு போட்டால் எந்தக் காய்ச்சலும் இரண்டு நாள் பணியும். ‘கைராசிக்காரர்’ என்று பெயரும் கிடைக்கும். உள்ளே நோய் பாட்டுக்கு வளரும். லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோயாக இருந்தால் அடையாளமே மறைந்து, பிறகு மஜ்ஜையில் தேடினாலும் பிடிபடாமல் போகலாம்.

உங்கள் டாக்டர் சந்தேகப்படுவது அநேகமாக எச்எல்எச். எதிர்ப்புச் சக்தி கட்டுமீறி, சொந்த ரத்த அணுக்களையே விழுங்கும் நிலை. அரிதுதான். புற்றுநோயும் தூண்டலாம், தொற்றும் தூண்டலாம். நம் பக்கத்தில் முதலில் தேட வேண்டியது ஸ்க்ரப் டைஃபஸ், புதரில் உள்ள சின்னப் பூச்சி கடித்து வரும் காய்ச்சல். மாந்தோப்பு, புதர், வரப்பில் புழங்குகிறவரா? அக்குள், தொடையிடுக்கு, இடுப்புக் கயிற்றின் அடியில் சிகரெட் சுட்டதுபோலக் கறுத்த புண் இருக்கலாம். வலிக்காது, அதனால் யாரும் பார்ப்பதில்லை. இதற்கான ஐஜிஎம் ரத்தப் பரிசோதனை முதல் வாரத்தில் நெகட்டிவ் வரலாம். காரணம் அதுவானால், பலருக்கு டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் தொடங்கியதுமே ரத்தம் தேறத் தொடங்கும். எச்எல்எச்சுக்கும் ஸ்டீராய்டு உண்டு; ஆனால் நோய் தெரிந்து கொடுப்பது வேறு, சீட்டில்லாமல் இடுப்பில் குத்துவது வேறு. மஜ்ஜைப் பரிசோதனைக்குச் சம்மதியுங்கள். ஊசி போட்ட கதையையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: தொப்பூர் கணவாய் விபத்தில் எனக்கு மண்ணீரலை எடுத்துவிட்டார்கள். காய்ச்சலுக்கு பாராசிட்டமால் போதுமா? (நல்லம்பள்ளி)

போதாது. கிருமிகளை வடிகட்டும் மண்ணீரல் இல்லாததால், உங்களுக்குக் காலையில் காய்ச்சல் என்றால் மாலைக்குள் உயிருக்கே ஆபத்தாகலாம். விடியட்டும் என்று இருக்காமல் 108-ஐ அழையுங்கள். மண்ணீரல் இல்லை என்பதை முதலில் சொல்லுங்கள். நிமோகாக்கஸ், மெனிஞ்சோகாக்கஸ், ஹிப் கிருமிகளுக்கான தடுப்பூசிகள் போட்டாயிற்றா?

கேள்வி: முழு உடல் பரிசோதனையில் பிளேட்லெட் 30 ஆயிரம். காய்ச்சல் இல்லை, கசிவும் இல்லை. (ஓசூர்)

ரத்தம் எடுத்த குழாயில் உறையாமலிருக்கச் சேர்த்துள்ள இடிடிஏ என்ற ரசாயனத்தால் பிளேட்லெட் கொத்துக்கொத்தாக ஒட்டிக்கொண்டு, மெஷின் குறைத்து எண்ணியிருக்கலாம். இடிடிஏவுக்குப் பதில் சிட்ரேட் உள்ள குழாயில் மறுபடி எடுத்து, ஸ்மியரும் (கண்ணாடியில் ரத்தத்தைத் தடவி மைக்ரோஸ்கோப்பில்) பார்க்கச் சொல்லுங்கள். அதிலும் 30 ஆயிரமே வந்தால் ரத்தநோய் நிபுணரைப் பாருங்கள்.