வழக்கு முடியும்வரை வயிற்றுப்பாட்டுக்கு என்ன வழி?

கேள்வி: கணவர் விவாகரத்துக் கேட்டுக் குடும்பநல நீதிமன்றத்தில் மனு போட்டிருக்கிறார். நான் வேலையை விட்டு நான்கு வருடம் ஆகிறது. ஐந்து வயதுப் பெண்ணோடு அம்மா வீட்டில் இருக்கிறேன். தீர்ப்பு வரும்வரை செலவுக்குப் பணம் கேட்க முடியுமா?

முடியும். தாமதிக்காமல் கேளுங்கள். இந்து திருமணச் சட்டம் 1955-ன் 24-வது பிரிவின்கீழ், அதே வழக்கில் ஓர் இடைக்கால மனு போட வேண்டும். மாத ஜீவனாம்சம், வழக்குச் செலவு இரண்டையும் அதிலேயே கேட்கலாம். மகளுக்கான தொகையை 26-வது பிரிவையும் குறிப்பிட்டுத் தனியாகப் பிரித்துக் கேளுங்கள். பிரிக்காவிட்டால் பள்ளிக் கட்டணம் உங்கள் சாப்பாட்டுப் பணத்திலேயே கரைந்துவிடும்.

நோட்டீஸ் எதிர்த்தரப்புக்குச் சார்வான, அதாவது அவர் கையில் சேர்ந்த நாளிலிருந்து கூடியவரை 60 நாட்களுக்குள் இந்த மனுவை முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அது இழுபடுவது பெரும்பாலும் சொத்து, வருமான விவரப் பிரமாணப் பத்திரத்தில்தான். ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறைப்படி, இரு தரப்பும் இதைத் தாக்கல் செய்தே ஆக வேண்டும். எதிர்த்தரப்புக்கு அதிகபட்சம் நான்கு வாரம். இரண்டு வாய்ப்புக்கு மேல் தரலாகாது. அவர் வாய்தா வாங்கிக்கொண்டே போனால், உங்கள் வழக்கறிஞர் அந்தத் தீர்ப்பைக் காட்டி ஆட்சேபிக்கட்டும்.

உங்கள் பத்திரத்தில் ‘மாதச் செலவு 25,000’ என்று ஒற்றை வரியில் எழுதிவிடாதீர்கள். பல மனுக்கள் வலுவிழப்பது அந்த வரியால்தான். பால், மளிகை, கேஸ், பள்ளி வேன், மகளின் மருந்து என்று பிரித்து எழுதி, ரசீதுகளை இணையுங்கள். உங்கள் பெயரில் சின்ன வைப்புத்தொகை இருந்தாலும், வீட்டில் டியூஷன் எடுத்து இரண்டாயிரம் வந்தாலும் அதையும் எழுதுங்கள். மறைத்தது பின்னால் வெளிவந்தால், நீங்கள் சொன்ன உண்மைகளையும் நீதிபதி சந்தேகிப்பார்.

கணவரின் சம்பளச் சீட்டு கையில் இல்லையென்று கலங்க வேண்டாம். வீட்டுக்கடனுக்கு இருவரும் சேர்ந்து விண்ணப்பித்திருந்தால், அதில் அவரே கையெழுத்துப் போட்டு எழுதிய சம்பளம் இருக்கும். பழைய படிவம் 16 (நிறுவனம் தரும் வருமான வரிப் பிடித்தச் சான்று), கூட்டுக் கணக்கின் பாஸ்புக் பக்கங்கள், அவர் கட்டிய காப்பீட்டுப் பிரிமியம் எல்லாமே உதவும். நிறுவனத்திடமிருந்து சம்பளச் சான்றை வரவழைக்கச் சொல்லியும் மனுச் செய்யலாம்.

எவ்வளவு கிடைக்கும் என்பதற்கு வாய்ப்பாடு கிடையாது. 2017-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் கணவரின் நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் நியாயமானது என்றது. பலரும் அதைச் சட்டமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். அது ஓர் அளவுகோல், அவ்வளவுதான். இருவரின் வருமானம், வாழ்ந்த வாழ்க்கைத் தரம், குழந்தையின் தேவை, கணவரை நம்பியிருக்கும் பெற்றோர் ஆகியவற்றைப் பார்த்தே தொகை கூடும், குறையும். வருமான வரி போன்ற கட்டாயப் பிடித்தங்கள் கழிக்கப்படும். வழக்கு வந்தபிறகு அவராக வாங்கிய கார் கடனின் தவணையைக் காட்டி ‘கையில் ஒன்றும் மிஞ்சவில்லை’ என்று சொன்னால், அதை எழுத்துமூலம் மறுத்துவிடுங்கள்.

பணம் கணக்கிடப்படுவது மனுப் போட்ட தேதியிலிருந்து. ‘பெரியவர்கள் பேசட்டும், பிறகு பார்க்கலாம்’ என்று ஆறு மாதம் காத்திருந்தால், அந்த ஆறு மாதப் பணம் போனது போனதுதான். பேச்சுவார்த்தை ஒரு பக்கம் நடக்கட்டும், மனு ஒரு பக்கம் இருக்கட்டும்.

கேள்வி: எனக்கு 18,000 ரூபாய் சம்பளம். கணவருக்கு ஒரு லட்சத்துக்கு மேல். வேலைக்குப் போகிறவள் ஜீவனாம்சம் கேட்க முடியாது என்கிறார்களே?

தவறு. உங்கள் வருமானம் உங்களுக்குப் போதுமா என்பதே கேள்வி. சம்பளம் வாங்குவதாலேயே உரிமை போய்விடாது, தொகை குறையலாம்.

கேள்வி: உத்தரவாகி எட்டு மாதம் ஆகிறது. கணவர் ஒரு ரூபாய்கூடத் தரவில்லை.

நிறைவேற்று மனு, அதாவது உத்தரவை அமல்படுத்தக் கேட்கும் மனு போடுங்கள். அவர் மாதச் சம்பளக்காரர் என்றால் சம்பளத்தை ஜப்தி செய்யக் கேட்பதுதான் நேர்வழி. ஜீவனாம்ச உத்தரவு என்பதால், உரிமையியல் நடைமுறைச் சட்டம் 60-வது பிரிவின்படி மூன்றில் ஒரு பங்கை மட்டும் அவருக்கு விட்டுவைத்தால் போதும். வேண்டுமென்றே ஏய்க்கிறார் என்று தெரிந்தால், கடைசி நடவடிக்கையாக அவரது எதிர்வாதத்தையே நீதிமன்றம் நீக்கலாம்.

உங்கள் உத்தரவு குற்றவியல் பக்கத்தில், அதாவது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவில் (1.7.2024 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144) வந்ததா என்று பாருங்கள். அப்படியானால், ஒவ்வொரு மாதத் தொகைக்கும் அது தரவேண்டிய தேதியிலிருந்து ஓராண்டுக்குள் வாரண்டுக்கு மனுச் செய்தாக வேண்டும். எட்டு மாதம் ஏற்கெனவே கழிந்துவிட்டது. இந்த வாரமே வழக்கறிஞரைப் பாருங்கள்.

கேள்வி: விபத்தில் வேலை இழந்த கணவன் நான். மனைவி அரசு ஊழியர். நான் கேட்கலாமா?

இந்து திருமணச் சட்டத்தில் கணவனும் கேட்கலாம். மருத்துவச் சான்றும் வேலை நீங்கிய கடிதமும் அவசியம். உடலில் தெம்பிருந்தும் சும்மா இருப்பவருக்கு இது கிடைக்காது. உங்களுடையது சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவானது என்றால் 36-வது பிரிவு மனைவிக்கு மட்டுமே பொருந்தும். எனவே முதலில் திருமணச் சான்றிதழை எடுத்து, எந்தச் சட்டம் என்று பாருங்கள்.