துடுப்பே போடாதவர் கல்லூரிப் பெண்கள் படகோட்ட அணிக்குப் பயிற்சியாளராக முடியுமா?

முடியும். அமெரிக்காவின் யாஸ்மின் ஃபரூக்கைப் பாருங்கள். அவர் காக்ஸ்வைன். துடுப்புப் போடாமல், சுக்கானைப் பிடித்தபடி எட்டுப் பேருக்கும் குரல் கொடுப்பவர். மற்றவர்கள் போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார்கள்; முன்னால் பார்ப்பவர் இவர் மட்டும்தான். யாருடைய தாளம் தப்புகிறது, யார் சோர்கிறார் என்று கவனித்து, ஓடும் படகிலேயே சொல்ல வேண்டும். என்னைக் கேட்டால், பயிற்சியாளர் வேலையில் பாதி அதுதான்.

1992, 1996 ஒலிம்பிக்குகளில் ஆடினார். 1995-ல் உலக சாம்பியன். அப்புறம் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பெண்கள் அணியின் தலைமைப் பயிற்சியாளராகி, 2009-ல் கல்லூரிகளுக்கான தேசிய சாம்பியன் பட்டத்தை வென்றார். 2016-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகம் போனார்; மறு வருஷமே அதே தேசியப் போட்டியின் மூன்று படகுப் பிரிவுகளிலும் அவர் அணிக்கே முதலிடம்.

சரி, இந்த வேலை எப்படிப் பெருகியது? 1972-ல் வந்த ‘டைட்டில் நைன்’ சட்டம், கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடுத்தது. அதனால் விளையாட்டிலும் பெண்களுக்கு ஈடான வாய்ப்பு தர வேண்டியிருந்தது. ஆனால் ஆண்களின் அமெரிக்கக் கால்பந்து அணியே பெரும் கூட்டம். அதை ஈடுகட்டப் பல பெண்களைச் சேர்க்கக்கூடிய விளையாட்டாகப் பல கல்லூரிகளுக்குப் படகோட்டம் கைகொடுத்தது. 1997 முதல், அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பு பெண்களுக்குத் தேசியப் போட்டி நடத்துகிறது. வேடிக்கை என்னவென்றால், ஆண்கள் படகோட்டம் அதன்கீழ் வருவதில்லை.