பின்னிரவு கிரிக்கெட்டும் ரத்த அழுத்தமும்

கேள்வி: எனக்கு வயது 62. சிங்கப்பூரில், ஈசூனில் மனைவியுடன் இருக்கிறேன். பாதுகாவலர் வேலை, காலை 7 மணிக்கு ஷிப்ட். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். ஐபிஎல் வந்துவிட்டால் சென்னை அணியின் ஆட்டம் ஒன்றைக்கூட விடமாட்டேன். கடைசி ஓவர்களில் நெஞ்சு படபடக்கிறது. டிவியை நிறுத்தச் சொல்லி மகள் சத்தம் போடுகிறாள். மற்றபடி புளோக்கின் கீழ்த்தளத்தில் கேரம், வாசலில் நாலு தொட்டிச் செடி, இவ்வளவுதான் என் பொழுதுபோக்கு. உடம்புக்கு உருப்படியாக எதுவும் செய்யவில்லையோ என்று தோன்றுகிறது. கிரிக்கெட்டை விட்டுவிட வேண்டுமா?

பதில்: விட வேண்டாம், ஐயா. ஆனால் பார்க்கும் முறையைக் கொஞ்சம் மாற்ற வேண்டும்.

முதலில் படபடப்பு. 2023 இறுதி ஆட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். மழையால் ஒரு நாள் தள்ளிப்போய், மறுநாளும் மழையில் நின்று, கடைசி இரண்டு பந்தில் 10 ரன் தேவை என்று வந்தபோது இங்கே விடியற்காலை 4 மணி நெருங்கியிருந்தது. ஜடேஜா ஒரு சிக்ஸரும் ஒரு பவுண்டரியும் அடித்து முடித்தார். அதைப் பார்த்த யாருக்குத்தான் நெஞ்சு அடித்துக்கொள்ளாது! பரபரப்பில் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது, ரத்த அழுத்தமும் ஏறுகிறது. ஆட்டம் முடிந்து சில நிமிடத்தில் அடங்கிவிட்டால் பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை.

ஆனால் இதய ரத்தக்குழாயில் அடைப்பு உள்ளவர்களுக்குக் கதை வேறு. 2006 உலகக் கோப்பைக் கால்பந்தின்போது ஜெர்மனியின் மியூனிக் வட்டாரத்தில் மருத்துவர்கள் கணக்கெடுத்தார்கள். ஜெர்மனி ஆடிய நாள்களில் இதயக் கோளாறால் அவசர சிகிச்சைக்கு வந்தவர்கள் வழக்கத்தைவிட 2.66 மடங்கு. ஆட்டம் தொடங்கிய முதல் இரண்டு மணி நேரத்தில்தான் அதிகம் பேர். ஏற்கெனவே இதய நோய் இருந்தவர்களுக்கே ஆபத்து கூடுதல். உங்களுக்கு அப்படி இருப்பதாக எழுதவில்லை. இருந்தாலும் அடுத்த சீசனுக்குக் காத்திருக்காமல் பலதுறை மருந்தகத்தில் படபடப்பைச் சொல்லி இசிஜி, கொழுப்பு, சர்க்கரை மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். நெஞ்சில் இறுக்கம், கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், தலைசுற்றி மயக்கம் வருவது – இவற்றில் எது வந்தாலும் 995-ஐ அழையுங்கள். “இந்த ஓவர் முடியட்டும்” என்று உட்கார்ந்திருக்காதீர்கள். மனைவிக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

எனக்குப் படபடப்பைவிடத் தூக்கம்தான் பெரிய கவலை. சென்னையில் 7.30 என்றால் இங்கே இரவு 10 மணி. முடியும்போது 2 மணியை நெருங்கிவிடும். 7 மணி ஷிப்ட்டுக்கு எப்போது எழுந்திருப்பீர்கள்? தூங்கும்போது இறங்க வேண்டிய ரத்த அழுத்தம், தூக்கமே இல்லையென்றால் எப்படி இறங்கும்? வேலை நாளில் முதல் இன்னிங்ஸோடு படுத்துவிடுங்கள், மீதியை மறுநாள் எம்ஆர்டி ரயிலில் ஹைலைட்ஸாகப் பார்க்கலாம். கஷ்டம்தான், நானும் சென்னை ரசிகன், தெரியும். வார இறுதியில் சில ஆட்டங்கள் இங்கே மாலை 6 மணிக்கே தொடங்கும். அவற்றை முழுசாக ரசியுங்கள்.

இரவு மாத்திரை என்றால் டாஸ் போடும்போதே போட்டுக்கொள்ளுங்கள். சோபாவிலேயே தூங்கிப்போய் மாத்திரையை மறப்பவர்கள் நிறைய. நள்ளிரவில் இன்ஸ்டன்ட் நூடுல்ஸ் வேண்டாம். ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராம் சோடியம்தான் கணக்கு; பல பாக்கெட்டுகளில் அதில் பாதிக்கு மேல் அந்த மசாலாத் தூளோடு உள்ளே போய்விடும். மிக்சரும் முறுக்கும் அப்படியே. பசித்தால் ஒரு வாழைப்பழம், ஒரு கைப்பிடி உப்பில்லாத கச்சான் (வேர்க்கடலை). பத்து மணிக்கு மேல் கோப்பி வேண்டாம். இன்னிங்ஸ் இடைவேளை 20 நிமிடம் இருக்கிறதே, தாழ்வாரத்தில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடங்கள்.

வீட்டில் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி இருந்தால் ஆட்டம் நடக்கும்போது கட்டிப் பார்க்காதீர்கள், எண்ணைப் பார்த்தே இன்னும் ஏறும். காலையில் மாத்திரைக்கு முன், ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்துவிட்டுப் பாருங்கள். 135/85-க்கு மேல் தொடர்ந்து காட்டினால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சரி, “உருப்படியாக எதுவும் செய்யவில்லையோ” என்ற வரிக்கு வருகிறேன். அப்படி நினைக்காதீர்கள், ஐயா. வேலை, வீடு, டிவி என்று நாலு சுவருக்குள் முடங்கி, பேச ஆளில்லாமல் வாடுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். நீங்கள் கீழே இறங்கிப் போய் நாலு பேரோடு கேரம் ஆடுகிறீர்கள். ஒரு நாள் வராவிட்டால் “ஏன் வரல?” என்று கேட்க ஆள் இருக்கிறது. 16 நாடுகளில் 65 வயது தாண்டிய 93,000 பேரின் தகவல்களைத் திரட்டி 2023-இல் வெளியான ஆய்விலும், பொழுதுபோக்கு உள்ளவர்களிடம் மனச்சோர்வு குறைவாகவும் வாழ்க்கையில் நிறைவு அதிகமாகவும் தெரிந்தது. உங்கள் கேரம் பலகையும் அந்தக் கணக்கில் வரும். வியர்க்கிற மாதிரி ஒரு நடையைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். கேரமைக் கேரமாகவே ஆடுங்கள், அதை உடற்பயிற்சியாக்க வேண்டாம்.

செடிகளையும் விடாதீர்கள். தொட்டித் தட்டுகளில் தேங்கும் தண்ணீரை மட்டும் அன்றன்றே கொட்டிவிடுங்கள். டெங்கிக் கொசு முட்டையிட அவ்வளவு தண்ணீரே போதும்.