பழைய பிளாஷ், புது ட்ரிக்கர்: கேட்டவையும் பதில்களும்

கேள்வி: சார், அப்பாவின் பழைய பிளாஷை ரேடியோ ட்ரிக்கரில் மாட்டினால் கேமரா போய்விடுமா?

பதில்: ட்ரிக்கர் இரண்டு துண்டு: கேமரா மேல் டிரான்ஸ்மிட்டர், பிளாஷின் அடியில் ரிசீவர். இரண்டும் ரேடியோவில் பேசிப் பிளாஷை அடிக்க வைக்கும். கேமரா தப்பித்துவிடும், அடி வாங்குவது ரிசீவர். பழைய பிளாஷுக்குள் மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் ஒரு சின்ன கெப்பாசிட்டர் 200, 300 வோல்ட்டில் காத்திருக்கும். பிளாஷின் அடியில் உள்ள நடு முனையும் ஓரத் தகடும் இணைந்ததும், அது ஒரு குட்டி டிரான்ஸ்பார்மர் வழியாகக் காலியாகும். அங்கே சில ஆயிரம் வோல்ட் எழும்பிக் குழாயில் உள்ள செனான் வாயுவைத் தூண்டிவிடும். இணைத்துவிடும் வேலையை அந்தக் காலத்துக் கேமராக்களில் உலோகத் தொடுமுனை செய்தது, அதற்கு இது பொருட்டே இல்லை. இன்று அதைச் செய்வது பொடி எலக்ட்ரானிக் சுவிட்ச். பிளாஷ் ரிசீவரில் உட்கார்ந்திருந்தால் முழு வோல்ட்டும் ரிசீவரின் சுவிட்ச் மேல்தான்.

ஒரு எச்சரிக்கை. டிரான்ஸ்மிட்டரின் தலையில் இன்னொரு ஷூ (பிளாஷ் செருகும் இடம்) இருந்தால் அதில் பழைய பிளாஷைச் செருகவே கூடாது. அந்த வோல்ட் நேராகக் கேமராவுக்கு இறங்கலாம்.

கேள்வி: எத்தனை வோல்ட் வரை பரவாயில்லை?

பதில்: ரிசீவர் கையேட்டில் இருக்கும். 12 வோல்ட்டோடு நிற்பவை உண்டு, 200ஐத் தாண்டித் தாங்குபவையும் உண்டு. கேமராவுக்கு 1992ல் வந்த ஐ.எஸ்.ஓ. 10330 என்ற சர்வதேசத் தரம் சொல்வது 24 வோல்ட். நிக்கான் டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கையேடுகள் 250ஐத் தாண்டாதே, எதிர்மறை வோல்ட் கொடுக்காதே என்கின்றன. இரண்டாவதையும் கவனியுங்கள்: சில பழைய பிளாஷ்களில் நடு முனைதான் மைனஸ்.

கேள்வி: என்னிடம் இருப்பது விவிட்டர் 283 பிளாஷ். ஆபத்தா?

பதில்: அளந்து பாருங்கள். அதே பெயரில் 200ஐத் தாண்டியவையும் உண்டு, 10க்குக் கீழே உள்ளவையும் உண்டு. புது பேட்டரி போட்டு, ரெடி விளக்கு எரிந்த பிறகும் சற்றுப் பொறுங்கள். டிஜிட்டல் மல்டிமீட்டரை 600 அல்லது 1000 வோல்ட் டி.சி.யில் வைத்து, சிவப்பை நடு முனையிலும் கறுப்பை ஓரத் தகட்டிலும் வையுங்கள். விரல் படக் கூடாது.

கேள்வி: என்னுடையது மெட்ஸ்...

பதில்: அளந்து பாருங்கள்.

கேள்வி: சும்மா பயமுறுத்துகிறீர்கள். என் பழைய பிளாஷை நேராக டிஜிட்டல் கேமராவில் போட்டு வருடக்கணக்கில் எடுக்கிறேன். அளந்தும் பார்த்தேன், 60 வோல்ட்தான்.

பதில்: எந்த மீட்டரில்?

கேள்வி: ஊசி மீட்டர். முள் 60ல் நின்றது. மீட்டர் பொய் சொல்லுமா?

பதில்: பொய் சொல்லாது, ஆனால் குடித்துவிடும். முதலில் சொன்ன அந்தச் சின்ன கெப்பாசிட்டருக்குக் கரண்ட் வருவது பெரிய ரெசிஸ்டர் வழியாக, சொட்டுச் சொட்டாக. ஊசி மீட்டரின் உள் தடை குறைவு. வருவதை அது இழுத்துக்கொள்வதால் வோல்ட் இறங்கித்தான் தெரியும். 10 மெகா ஓம் டிஜிட்டல் மீட்டரே கொஞ்சம் குறைத்துக் காட்டலாம். உங்கள் 60, நிஜத்தில் 150ஆக இருந்தாலும் ஆச்சரியமில்லை.

கேள்வி: அப்படியானால் கேமரா ஏன் இன்னும் போகவில்லை?

பதில்: உங்கள் கேமரா 250 தாங்கும் ரகமாக இருக்கலாம். அது கேமராவின் நற்குணம், பிளாஷ் சாது என்பதற்குச் சான்று இல்லை. அதே பிளாஷை 12 வோல்ட் ரிசீவரில் மாட்டிவிட்டு வந்து சொல்லுங்கள்.

கேள்வி: அண்ணா, என் பிளாஷ் ட்ரிக்கரில் ஒரே முறை அடிக்கிறது. அணைத்துப் போட்டால்தான் மறுபடி. ட்ரிக்கர் கோளாறா?

பதில்: அருமையான கேள்வி, இதைத்தான் யாரும் கேட்பதில்லை! ரிசீவரில் எஸ்.சி.ஆர். என்ற வகை எலக்ட்ரானிக் சுவிட்ச் இருக்கலாம். ஒருமுறை ஆன் ஆனால், ஓடும் கரண்ட் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால்தான் ஆஃப் ஆகும். உங்கள் பிளாஷ் அந்தக் கரண்டை விடாமல் தருகிறது போலிருக்கிறது, சுவிட்ச் ஆன் ஆனபடியே மாட்டிக்கொள்கிறது. பிளாஷும் ட்ரிக்கரும் தனித்தனியே நல்லவைதான், ஜோடிதான் சேரவில்லை. வேறு ரிசீவரில் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: டிடிஎல் (கேமராவே பிளாஷின் ஒளியளவை முடிவு செய்வது), ஹை ஸ்பீட் சிங்க் (மிக வேகமான ஷட்டரிலும் பிளாஷ் அடிப்பது) வருமா?

பதில்: வராது. ஒளியளவு மேனுவல், ஷட்டர் 1/125.

கேள்வி: வோல்ட் தெரியாமல் மாட்டலாமா?

பதில்: கூடாது. முன்பே சொன்னபடி அளந்து பாருங்கள்.

கேள்வி: பிளாஷைத் திறந்து நடு முனைக்கு வரும் வோல்ட்டைக் குறைக்கும் சர்க்யூட் வைக்கலாமா? பேட்டரியை எடுத்துவிட்டேன்.

பதில்: திறக்காதீர்கள். ஒளிக்கான மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் மெயின் கெப்பாசிட்டர் 300 வோல்ட் வாக்கில், பேட்டரி இல்லாமலே சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். ஆளையே கொல்லலாம். வெளியே மாட்டி வோல்ட்டைக் குறைக்கும் வெயின் சேஃப் சிங்க் போன்ற அடாப்டரை ரிசீவருக்கும் பிளாஷுக்கும் நடுவில் வையுங்கள்.