விட்டு விட்டு எரியும் கூலன்ட் விளக்கு: வாசகர் கேள்விகள்

மழைக்காலம் முடிந்ததும் இந்தப் புகார்தான் அதிகம் வருகிறது. டேஷ்போர்டில் கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) குறைவு என்று சொல்லும் விளக்கு எரிகிறது, பட்டறைக்குக் கொண்டுபோனால் சமர்த்தாக அணைந்துகொள்கிறது. எழுதுவதற்கு முன் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். காலையில், என்ஜின் ஆறிய நிலையில், சமதரையில் வண்டியை நிறுத்தி, கூலன்ட் டேங்கில் மட்டம் எங்கே நிற்கிறது என்று மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். பாதிப் பேர் இதைச் செய்யாமலே சென்சார் மாற்றக் கிளம்பிவிடுகிறார்கள்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் எரிகிறது. பத்து நிமிஷம் ஓடியதும் தானாக அணைகிறது. மார்கழியில்தான் அதிகம். (லாஸ்பேட்டை)

கூலன்ட் சூடானால் விரியும், ஆறினால் சுருங்கும். உங்கள் டேங்கில் மட்டம் மினிமம் கோட்டை ஒட்டி நிற்கிறது. ராத்திரி சுருங்கும்போது உள்ளே இருக்கும் மிதவை இறங்கி விளக்கைப் போடுகிறது, ஓடியதும் ஏறி அணைக்கிறது. சென்சாருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆறிய என்ஜினில், சமதரையில், இரண்டு கோட்டுக்கும் நடுவே நிற்கும்படி ஊற்றுங்கள். மேக்ஸிமத்தைத் தாண்ட வேண்டாம், விரிய இடம் வேண்டும். புது மட்டத்தில் மார்க்கர் கோடு. ஒரு மாதம் கழித்தும் அங்கேயே நின்றால் வேலை முடிந்தது. இறங்கினால் லீக்.

கேப்பர் மலை ஏறும்போதும் வளைவில் திரும்பும்போதும் மட்டும் மினுக்குகிறது. (கடலூர்)

மேலே உள்ள பதில்தான். குறைவாக இருக்கிற திரவம் ஒரு பக்கம் சாய்கிறது, அவ்வளவே.

என் காரில் கூலன்ட் விளக்கு அடிக்கடி வருகிறது. என்ன காரணம்? அவசரம். (ஊர் இல்லை)

எந்த கார்? எந்த வருஷம்? எரிவது காலையிலா, ஓடும்போதா? மட்டம் இறங்குகிறதா? டாக்டருக்கு போன் செய்து "வலிக்கிறது" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுவீர்களா? விவரத்தோடு எழுதுங்கள்.

ஸ்விஃப்ட். ஸ்டார்ட் செய்ததும் தெர்மாமீட்டர் படம் நீலமாக எரிகிறது. கொஞ்சம் கொஞ்சமாகக் கூலன்ட் ஊற்றியும் மறுநாள் வருகிறது. இப்போது டேங்க் வழிகிறது. (அரியாங்குப்பம்)

வழியாமல் என்ன செய்யும்! நீல விளக்கு என்றால் என்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று அர்த்தம். மட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நிறைய சின்ன கார்களில் மட்டம் பார்க்கும் சென்சாரே கிடையாது. வண்டியோடு வந்த புத்தகத்தில் விளக்குகளுக்கென்றே சில பக்கங்கள் இருக்கின்றன, பிளாஸ்டிக் உறையைப் பிரித்துப் பாருங்கள். அதிகமாக ஊற்றியதை எடுத்துவிடுங்கள். அதே படம் சிவப்பில் எரிந்தால் மட்டும் உடனே நிறுத்துங்கள்.

டீசல் கார், ஒன்றரை லட்சம் கிலோமீட்டர். இருபது நாளுக்கு ஒருமுறை விளக்கு எரியும். வாட்டர் வாஷ் கடையில் அரை லிட்டர் தண்ணீர் ஊற்றினால் அணைந்துவிடும். கூலன்ட் விலைக்கு இதுவே போதாதா? நம்ம ஊரில் பனியா உறைகிறது? (முதுநகர்)

இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. பனிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? கூலன்ட் உறையாமல் காப்பது அதன் ஒரு வேலை மட்டும்தான். கொதிநிலையை ஏற்றுவது இன்னொன்று: டேங்க் மூடி தாங்கும் அழுத்தம் ஒரு பார் (அழுத்த அலகு) என்று வைத்தால் வெறும் தண்ணீர் 120 டிகிரி வாக்கில் கொதிக்கும், கூலன்ட்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி சேர்ந்த கலவை 125-ஐத் தாண்டித்தான் கொதிக்கும். சித்திரை வெயிலில் மரப்பாலம் சிக்னலில் ஏசியோடு நிற்கும்போது அந்தச் சில டிகிரி தேவைப்படும். எல்லாவற்றையும் விட முக்கியம், அதிலுள்ள துரு தடுப்பு மருந்து. ரேடியேட்டர் அலுமினியம், என்ஜினின் மேல்பகுதியான ஹெட் அலுமினியம். மருந்து இல்லாத தண்ணீர் அதை அரிக்கும்.

அதுவும் எந்தத் தண்ணீர்? கடலோரப் போர் தண்ணீர். கடல்நீர் நிலத்தடியில் ஏறிய பகுதி நம்முடையது. குளியலறைக் குழாய் வாயில் படிந்திருக்கும் வெள்ளையைச் சுரண்டிப் பாருங்கள், அதேதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படிகிறது. உப்பு அலுமினியத்தில் பொத்தல் போடும், சுண்ணாம்பு வழியை அடைக்கும்.

கணக்கும் போடுங்கள். இருபது நாளுக்கு அரை லிட்டர் என்றால் வருஷத்துக்கு ஒன்பது லிட்டர். உங்கள் வண்டியின் மொத்தக் கொள்ளளவு ஏழெட்டு லிட்டர் இருக்கும். கூலன்ட் ஒழுக ஒழுகத் தண்ணீர் ஊற்றியதில், ஒரு வருஷத்தில் உள்ளே இருப்பதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு போர் தண்ணீர். பானெட்டைத் திறந்ததும் கேட்காமலே பச்சைத் தண்ணீரை ஊற்றிவிட்டு "ஃபுல் பண்ணிட்டேன் சார்" என்று சிரிக்கும் வாட்டர் வாஷ் கடைகளும் சில பட்டறைகளும் செய்யும் உபகாரம் இது. வண்டியைக் கொடுக்கும்போதே "கூலன்ட் டேங்கைத் தொடாதீங்க" என்று சொல்லிவிடுங்கள். நான் சொல்கிறேன், முறைக்கிறார்கள், பரவாயில்லை.

கேன் தண்ணீர், ஆர்ஓ தண்ணீர் என்று அடுத்த கடிதம் எழுத வேண்டாம். அதிலும் மருந்து கிடையாது. நடுவழியில் வேறு வழியில்லை என்றால் ஊற்றலாம், ஊர் வந்ததும் முழுக்க இறக்கிப் புதிதாக நிரப்ப வேண்டும். புத்தகத்தில் சொன்ன ரகத்தையே வாங்குங்கள். பச்சை, சிவப்பு என்று நிறம் பார்த்துச் சேர்க்காதீர்கள், நிறத்துக்குப் பொது விதி எதுவும் இல்லை. கலந்து வரும் ரகமா, கலக்க வேண்டிய ரகமா என்று டப்பாவில் படியுங்கள். கலக்குவதென்றால் டிஸ்டில்ட் வாட்டர். மிச்சத்தைக் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள், இனிக்கும் விஷம் அது.

கடைசியாக, உங்கள் வண்டியில் லீக் இருக்கிறது. விளக்கு அதைத்தான் இருபது நாளுக்கு ஒருமுறை சொல்கிறது. அடுத்த பதிலைப் படியுங்கள்.

தரையில் ஒரு சொட்டு இல்லை. மட்டம் மட்டும் இறங்குகிறது. எங்கே போகிறது? (வில்லியனூர்)

சூடான என்ஜினில் கசிவது தரைக்கு வருவதற்குள் காய்ந்துவிடும். அது விட்டுப்போன உப்புக் கறையைத் தேடுங்கள்: ஹோஸ் கிளிப், ரேடியேட்டரில் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் சேரும் விளிம்பு, வாட்டர் பம்பின் கசிவுத் துளை. வண்டிக்குள் இனிப்பு வாசனை, முன் கண்ணாடியில் பிசுபிசுப்பான மூட்டம், டேஷ்போர்டுக்குக் கீழே ஈரமான கார்ப்பெட் என்றால் கசிவது ஹீட்டர் கோர், அதாவது டேஷ்போர்டுக்குள் இருக்கும் சின்ன ரேடியேட்டர்.

கண்ணில் படவில்லையா, ஆறிய என்ஜினில் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். மூடியில் எழுதிய அழுத்தத்துக்குப் பம்ப் செய்து கால் மணி நேரம் விட்டால் முள் இறங்குகிறதா என்று தெரிந்துவிடும். மூடியையும் சேர்த்துச் சோதியுங்கள், சில நூறு ரூபாய்ச் சாமான்தான். எதிலும் சிக்காமல் இறங்கினால் ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் என்ஜினுக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) சந்தேகம். அதற்கென்றே ஒரு சோதனைத் திரவம் உண்டு: டேங்க் காற்றில் என்ஜின் புகை வாயு இருந்தால் அது நீலத்திலிருந்து மஞ்சளாகும், டீசலில் பச்சையாகும். அந்தச் சோதனைக்கு முன்னால் ஹெட்டைக் கழற்ற யாரையும் விடாதீர்கள்.

ஃபெஞ்சல் புயலின்போது வண்டி வெள்ளத்தில் நின்றது. மட்டம் சரியாக இருந்தும் மழை நாளில் விளக்கு வருகிறது. (கடலூர்)

கனெக்டர். டேங்குக்கு அடியில் சென்சாரில் செருகியிருப்பதைக் கழற்றிப் பாருங்கள், உள்ளே உலோகப் பின்களில் பச்சை பூத்திருக்கும். கான்டாக்ட் கிளீனர் அடித்து, காயவைத்து, டைஎலெக்ட்ரிக் கிரீஸ் (ஈரம் புகாமல் காக்கும் கிரீஸ்) தடவிச் செருகுங்கள். ரப்பர் சீல் போயிருந்தால் மாற்றுங்கள். தேவனாம்பட்டினம் மாதிரி கடலை ஒட்டிய இடங்களில் 2024 புயல் இல்லாமலே இது நடக்கும்.

மெக்கானிக் சென்சார் ஒயர் இரண்டையும் ஒன்றோடொன்று ஜாயின்ட் செய்துவிட்டார். ஆறு மாதமாக விளக்கே இல்லை. சரிதானே? (நெல்லிக்குப்பம்)

சரியில்லை. வெப்பமானி முள் காப்பாற்றும் என்று நம்பாதீர்கள். கூலன்ட் மொத்தமும் போய்விட்டால் வெப்பச் சென்சார் காற்றில் தொங்கும், முள் ஏறுவதற்குப் பதில் இறங்கக்கூடும். ஜாயின்ட்டைப் பிரித்துவிட்டு, மிதவை சேற்றில் ஒட்டியிருக்கிறதா பாருங்கள். டேங்கைக் கழற்றிக் கழுவினால் பெரும்பாலும் சரியாகும், இல்லாவிட்டால் சென்சார் மாற்ற வேண்டும். பல வண்டிகளில் அது டேங்கோடு சேர்ந்துதான் கிடைக்கும். சில ஜெர்மன் வண்டிகளில் மிதவைக்குப் பதில் இரண்டு உலோகக் குச்சிகள் இருக்கும். வெறும் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றினால் கரன்ட் ஒழுங்காகப் பாயாது, டேங்க் நிறைந்திருந்தும் விளக்கு எரியும்.

ஈசிஆரில் போகும்போது எரிந்தால் நிறுத்த வேண்டுமா? (முதலியார்பேட்டை)

ஓரமாக நிறுத்துங்கள். அரை மணி, முக்கால் மணி ஆறட்டும். சூட்டில் மூடியைத் திறக்காதீர்கள். டேங்க் வெளியிலிருந்தே தெரியும், மட்டம் மினிமத்துக்குச் சற்றுக் கீழே என்றால் ஊற்றிவிட்டு, முள்ளைப் பார்த்துக்கொண்டே போகலாம். டேங்க் காலி என்றால் லாரியில் ஏற்றுங்கள்.