டாலஸ் வீட்டுக்குப் பின்னாடி நீச்சல் குளம்: காங்கயத்துத் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி கேட்டது இதுதானுங்க. சொந்த ஊரு காங்கயம். டாலஸுக்கு வடக்கால பிரிஸ்கோவில் வீடு வாங்கி ஒரு வருசம் ஆகுது, குழந்தை இருக்கற வீடு. பின்னாடி சும்மா கெடக்கற புல்தரையில் நீச்சல் குளம் கட்டணும்னு ஆசை. பில்டர் கொடுத்த கொட்டேஷனில் பம்ப், ஃபில்டர், உப்பு மெஷின், ஹீட்டர், ஆட்டோமேஷன்னு ஒரு பக்கத்துக்கு நீளுது. எதை எடுக்கறது, எதை விடறது? கூடவே இன்னொண்ணு. ஊரில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வெச்சிருக்கற அப்பா, "ஒரு மோட்டாருக்கா இத்தனை டாலரு? கோயமுத்தூர் மோனோபிளாக் பம்ப் ஒண்ணு நானே அனுப்பி வைக்கறேன்"ங்கறாராம். அனுப்பச் சொல்லலாமா?

நானும் அந்தப் பக்கந்தான், ஊரு கோபிச்செட்டிபாளையம். பிரிஸ்கோவுக்குப் பக்கத்துப் பிளேனோவுக்குப் போயி இருபது வருசத்துக்கு மேல ஆச்சு, வீட்டுக்குப் பின்னாடி பூலும் இருக்குது. இப்ப லீவுக்கு ஊருக்கு வந்திருக்கறேன், நேரம் கெடக்குது, அதனால கொஞ்சம் விரிவாவே எழுதறேன். மண்ணுக்கு அடியிலயும் கான்கிரீட்டுக்குள்ளயும் போறதுக்கு மொதல்ல காசு ஒதுக்குங்க. வெளிய நிக்கற மெஷின் எதுவானாலும் பின்னாடி மாத்திக்கலாம். பில்டர் ஆசையா விவரிக்கறது மெஷினைப் பத்தி, வாயே திறக்காதது பைப்பைப் பத்தி.

அப்பா விசயத்தை முடிச்சிடலாம். அவருக்கு இதைச் சொன்னா உடனே புரிஞ்சுக்குவார். நம்ம ஊரு கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அங்க 60. இங்க நிமிசத்துக்கு 2,900 சுத்து சுத்தற மோட்டார் அங்க 3,450 கிட்ட சுத்தும். வேகம் அஞ்சுல ஒரு பங்கு ஏறினா தண்ணியும் அந்த அளவுக்குத்தான் ஏறும், ஆனா இம்பெல்லர் (உள்ள சுத்தித் தண்ணியைத் தள்ளற சக்கரம்) இழுக்கற பவர் வேகத்தோட மும்மடிக் கணக்கில் (1.2 x 1.2 x 1.2) ஏறும், அதாவது 70 சதவீதத்துக்கு மேல. காயில் எத்தனை நாளைக்குத் தாங்கும்னு அவர்கிட்டயே கேளுங்க. அதுக்கு மேல, அமெரிக்காவில் யுஎல்ங்கற பாதுகாப்பு முத்திரை இல்லாத மோட்டாரைப் பூலுக்கு மாட்டினா இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போடமாட்டார். வார்ப்பிரும்பு உடம்பு குளோரின் தண்ணியில் துருப்பிடிச்சு, அந்தத் துரு வெள்ளைப் பிளாஸ்டரில் கறையா இறங்கும். பூல் பம்புன்னா பிளாஸ்டிக் உடம்பு, முன்னாடி இலைதழையைப் பிடிக்கற கூடை, தானா தண்ணி இழுத்துக்கற அமைப்பு எல்லாம் சேர்ந்தது. கோயமுத்தூர் பம்ப் மேல எனக்கு ஒரு குறையும் இல்லைங்க, எங்க தோட்டத்துக் கிணத்தில் அதுதான் ஓடுது. அது வேற வேலைக்குப் பண்ணினது, அவ்வளவுதான்.

அங்க வாங்க வேண்டியது வேரியபிள் ஸ்பீடு பம்ப், அதாவது வேகத்தைக் கூட்டிக் குறைக்க முடியறது. 2021 ஜூலை 19 முதல் அமெரிக்க எரிசக்தித் துறை கொண்டு வந்த தரக்கட்டுப்பாட்டால, நடுத்தர அளவுக்கு மேல உள்ள புது பூல் பம்ப் பெரும்பாலும் இந்த வகையாத்தான் வருது. காரணம் அதே மும்மடிக் கணக்குத்தான், இந்தத் தடவை நமக்குச் சாதகமா. வேகத்தைப் பாதியாக் குறைச்சா தண்ணி பாதியாகும், பவர் எட்டில் ஒண்ணாகும். அதே தண்ணியைத் தள்ள ரெண்டு மடங்கு நேரம் ஓட்டினாலும் கரண்ட் செலவு நாலில் ஒரு பங்குதான். கணக்குப்படி வர்ற லாபம் நடைமுறையில் கொஞ்சம் குறையும், ஆனா பில்லில் நல்லாவே தெரியும். நம்ம பக்கம் தோட்டத்துக்குக் கரண்ட் இலவசம், வந்த நேரத்துக்கு முழு வேகத்தில் ஓட்டி வயலுக்குப் பாய்ச்சிக்கறோம். அந்தப் பழக்கத்தை டாலஸுக்கு எடுத்துட்டுப் போகாதீங்க. 1,500 சுத்தில் நீண்ட நேரம், சத்தமில்லாம ஓடட்டும்.

இப்ப பைப்பு. பம்ப் எவ்வளவு ஒசந்ததா இருந்தாலும் பைப்பு சிறுத்திருந்தா வீணுங்க. உறிஞ்சற பக்கம் தண்ணி விநாடிக்கு 6 அடிக்கு மேல ஓடக்கூடாது, தள்ளற பக்கம் 8 அடி. அந்தக் கணக்கில் உறிஞ்சற பக்கத்து 2 இஞ்ச் பைப்பு நிமிசத்துக்கு 63 கேலன்தான் தாங்கும், 2.5 இஞ்ச் 90 கிட்டத் தாங்கும். பைப்பில் இந்த அரை இஞ்சுக்கு ஆகற கூடுதல் செலவு மொத்தத் தொகையில் ஒண்ணுமே இல்லை. ஆனா கட்டி முடிச்ச பொறகு மாத்தணும்னா டெக்கை, அதாவது குளத்தைச் சுத்திப் போடற தளத்தை, உடைக்கணும். கொட்டேஷனில் பைப்பு அளவை எழுதி வாங்குங்க. எல்போவை முடிஞ்ச வரைக்கும் குறைக்கச் சொல்லுங்க. கனைட் (கம்பிக்கூட்டு மேல பீய்ச்சி அடிக்கற கான்கிரீட்) அடிக்கற அன்னிக்கு பைப்பெல்லாம் பிரஷரில் இருக்கணும், கேஜ் முள்ளு இறங்குதான்னு நீங்களே பாருங்க. மூடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பைப்பையும் பக்கத்தில் டேப்பை வெச்சுப் படம் எடுத்து வெச்சுக்குங்க.

அடுத்தது மண்ணு. நம்மாளுக்கு இது கைவந்த விசயம். டாலஸ் பக்கம் மண்ணு கருப்புக் களி. பல்லடம், உடுமலைப் பக்கத்துக் கரிசக்காடு கோடையில் கை நுழையற அளவுக்கு வெடிச்சு, மழை பேஞ்சதும் உப்பி மூடிக்கும் பாருங்க, அந்தக் குணம் அப்படியே அங்கயும் இருக்குது. அந்த மண்ணு நனைஞ்சு உப்பினா டெக் தூக்கும், காஞ்சு சுருங்கினா இறங்கும், நடுவில் பைப்பு முறியும். அதனால மண் பரிசோதனை அறிக்கை இல்லாம கம்பி கட்ட விடாதீங்க. எஞ்சினீயர் பியர் (ஆழமா இறக்கற கான்கிரீட் தூண்) போடச் சொன்னா போட்டுத்தான் ஆகணும், அதில் பேரம் பேசாதீங்க. குளத்து விளிம்புக் கல்லுக்கும் டெக்குக்கும் நடுவில் ஒரு இடைவெளி விட்டு ரப்பர் மாதிரி சீலன்ட் ஊத்துவாங்க. அந்தச் சீலன்ட் கிழிஞ்சா மழைத்தண்ணி அது வழியா இறங்கி மண்ணை உப்ப வைக்கும், வருசா வருசம் பாருங்க. மழைத்தண்ணி வீட்டு அஸ்திவாரத்துப் பக்கம் போகாம வாட்டம் எங்கன்னு கேளுங்க. வாய்க்கால் மடை பார்த்து வளர்ந்தவங்களுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை.

குளத்தோட உடம்பு கனைட்டா, ரெடிமேட் ஃபைபர்கிளாஸ் தொட்டியா, வினைல் லைனருங்கற பிளாஸ்டிக் விரிப்பானு கேட்டா, இந்த மண்ணில் நான் கனைட் பக்கம். ஃபைபர்கிளாஸ் சீக்கிரம் முடியும், பிளாஸ்டர் வேலை இல்லை, ஆனா லாரியில் வரணும்கறதால அகலம் 16 அடிக்குள்ள அடங்கும். வினைல் மலிவு, பத்து வருசம் போல ஆனா லைனர் மாத்தணும்.

ஆழத்தைப் பத்தித் தம்பி கேக்கலை, நானே சொல்லிடறேன். நம்மாளுங்க எல்லாம் கிணத்தில் பழகினவங்க. மோட்டார் ரூம் மேல ஏறி தொபீர்னு குதிச்சவனுக்கு இடுப்பளவுத் தண்ணி அவமானமாத் தெரியும், 8 அடி வேணும்பான். வேண்டாமுங்க. ரெண்டு பக்கமும் மூணரை அடி, நடுவில் அஞ்சு அடி இருந்தாப் போதும், நெசமாப் பொழுதுபோகறது அங்கதான். ஆழம் கூடினா தோண்டறது, கம்பி, தண்ணி, மருந்து எல்லாமே கூடும். குதிக்கற பலகை வெச்சா இன்சூரன்ஸ்காரர் மொகம் மாறும். நீளம், அகலம், சராசரி ஆழம் மூணையும் அடியில் பெருக்கி ஏழரையால் பெருக்கினா கேலன் வரும். 30க்கு 15, சராசரி 5 அடின்னு நீங்க பெரிசா வெச்சாலும் 16,900 கேலன் கிட்ட, நம்ம கணக்கில் 64,000 லிட்டர்.

குழந்தை இருக்கற வீடுன்னு சொன்னீங்க. அமெரிக்காவில் 1 முதல் 4 வயசுக் குழந்தைகள் சாவுக்கு முதல் காரணம் தண்ணியில் மூழ்கறதுதான். குறைஞ்சது 4 அடி வேலி, தானா சாத்தித் தானா பூட்டிக்கற கேட், அதுவும் குளத்துக்கு எதிர்ப்பக்கமாத் திறக்கணும். வீட்டில் இருந்து குளத்துக்குப் போற கதவுக்கு அலாரம். பக்கத்து வீட்டுக் குழந்தை ஏறிக்குதிச்சு வந்து ஏதாவது ஆனாலும் சட்டம் உங்களைக் கேக்கலாம், அதனால இன்சூரன்ஸ்காரருக்குச் சொல்லிட்டு, வீட்டு இன்சூரன்ஸுக்கு மேல கூடுதல் காப்பா அம்ப்ரெல்லா பாலிசி ஒண்ணும் எடுத்துருங்க. அடியில் இருக்கற உறிஞ்சு துளை ஒண்ணே ஒண்ணா இருக்கவே கூடாது. ரெண்டு, நடுவில் 3 அடி தள்ளி. 2002ல் வர்ஜீனியா கிரேம் பேக்கர்ங்கற 7 வயசுக் குழந்தை உறிஞ்சு விசையில் மாட்டி இறந்துச்சு. அந்தக் குழந்தை பேரில் 2007ல் சட்டமே வந்துச்சு. சட்டம் கட்டாயப்படுத்தறது பொதுக் குளங்களைத்தான், ஆனா உறிஞ்சு துளைக்குன்னு விக்கற மூடி எல்லாமே அந்தத் தரத்தில் இருக்கணும்.

கம்பி, ஏணி, பம்ப், டெக் எல்லாத்தையும் செப்புக் கம்பியால் ஒண்ணாப் பிணைக்கற வேலை இருக்குது, பாண்டிங்னு சொல்வாங்க. ஈரக் காலோட நிக்கற இடத்தில் எங்கயும் வோல்டேஜ் வித்தியாசம் வராம இருக்கறதுக்கு. அதுவும் கான்கிரீட்டுக்குள்ள மறைஞ்சு போறதுதான். அந்த இன்ஸ்பெக்சன் அன்னிக்கு லீவு போட்டு வீட்டில் இருங்க.

ஃபில்டரில் பெரிய யோசனை வேண்டாம். கார்ட்ரிட்ஜ் எடுங்க, தேவைக்கு ஒரு அளவு பெரிசா. தண்ணியைப் பின்னோக்கித் தள்ளி வீணாக்க வேண்டியதில்லை, ஹோஸில் கழுவி மாட்டினா ஆச்சு.

உப்பு மெஷின் வாங்கினா குளோரினே இல்லைன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. குளத்துத் தண்ணியில் கரைச்ச உப்பில் இருந்து குளோரின் தயாரிக்கறதுதான் அதோட வேலை. 3,000 முதல் 3,500 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) உப்பு, கடல் தண்ணியில் பத்தில் ஒரு பங்கு. வசதிதான், ஆனா பிஎச் (தண்ணியோட காரத்தன்மை) ஏறிட்டே இருக்கும், வாரா வாரம் ஆசிட் விடணும். இல்லைன்னா குளோரின் தயாரிக்கற செல்லில் சுண்ணாம்பு படியும், நம்ம போர் தண்ணியில் வாட்டர் ஹீட்டர் காயில் படியற மாதிரியே. டெக்சாஸில் போடற மிருதுவான சுண்ணாம்புக் கல்லை உப்பு அரிக்கும், சீலர் அடிக்காம விடாதீங்க. புதுப் பிளாஸ்டருக்கு மொத மாசம் உப்பே போடக்கூடாது. உப்பு மெஷின் இல்லாம குளோரின் மாத்திரை போடற முறைன்னா, வெயிலில் குளோரின் போகாம காக்கற ஸ்டெபிலைசர் சேர்ந்துட்டே போகும், 30ல் இருந்து 50 பிபிஎம்முக்குள்ள வெச்சுக்கப் பாருங்க. கூடினா குளோரின் இருந்தும் பாசி பிடிக்கும்.

பென்டேர், ஹேவர்ட், ஜாண்டி, மூணு கம்பெனியில் எதுவானாலும் சரி. பம்ப், உப்பு செல், எல்லாத்தையும் தானா ஓட்டற ஆட்டோமேஷன் மூணும் ஒரே கம்பெனியா இருக்கட்டும், இல்லைன்னா ஒண்ணோட ஒண்ணு பேசாது. அந்த ஆட்டோமேஷனில் ஃப்ரீஸ் புரொடெக்சன் இருக்கணும், குளிரில் தானா பம்பை ஓட்டி வைக்கும். ஆனா அதுக்கும் கரண்ட் வேணும். 2021 பிப்ரவரியில் டாலஸ் மைனஸ் 19 செல்சியஸ் வரைக்கும் போச்சு, கரண்டும் போச்சு, தெருவுக்குத் தெரு பம்பும் ஃபில்டரும் வெடிச்சுது. கரண்ட் நின்னா பம்ப், ஃபில்டர், ஹீட்டர் மூணோட அடி மூடியையும் திறந்து தண்ணியை வடிச்சிருங்க. எந்த மூடி எங்க இருக்குதுன்னு வெயில் காலத்துலயே கத்துக்குங்க.

காகித வேலை: எச்ஓஏ (குடியிருப்புச் சங்கம்) அனுமதி, சிட்டி பெர்மிட், தோண்டறதுக்கு முன்னாடி 811க்கு (மண்ணுக்கு அடியில் போற லைனை அடையாளம் போட்டுத் தர்ற நம்பர்) போன். பணத்தை வேலை முடிய முடிய மட்டும் கொடுங்க. கடைசித் தவணை பெரிசா உங்க கையில் இருக்கட்டும். பூல் வந்ததும் வீட்டு மதிப்பு ஏறி பிராப்பர்ட்டி டாக்ஸும் ஏறும், அதையும் கணக்கில் வெச்சுக்குங்க.

மிச்சம் ஹீட்டர். அப்பா அம்மாவை மே கடைசிக்கும் செப்டம்பருக்கும் நடுவில் கூட்டிட்டு வந்தீங்கன்னா தேவையே இல்லை, ஆகஸ்டில் தண்ணியே வெதுவெதுன்னு இருக்கும். பங்குனி, சித்திரையில் வர்றாங்கன்னா வேணும். 400,000 பிடியு (சூட்டோட அளவு) கேஸ் ஹீட்டர் நான் சொன்ன அளவுக் குளத்தை மணிக்கு ரெண்டு ஃபாரன்ஹீட் டிகிரிக்குக் கொஞ்சம் மேல சூடாக்கும். மத்தியானம் குளிக்கணும்னா காலையிலயே போட்டுரணும். மெஷினை அவங்க விசா வந்த பொறகு வாங்கிக்கலாம். கேஸ் லைனை மட்டும் டெக் போடறதுக்கு முன்னாடியே மெஷின் நிக்கற இடம் வரைக்கும் இழுத்து மூடி போட்டு வைக்கச் சொல்லுங்க.