வறட்சியில் ஹோட்டல்கள் தண்ணீர் சேமிப்பதாக உறுதி கூறுவதால் பயன் உண்டா?

நுவரெலியாவில் ஏப்ரல் சீசனுக்கு அறை பதிவுசெய்த ஒருவரின் கேள்வி இது: ‘துவாயை மீண்டும் பயன்படுத்துங்கள்’ என்று குளியலறையில் அட்டை தொங்கவிட்டால் தட்டுப்பாடு தீருமா?

அட்டை மட்டும் போதாது. குழாய்களை மாற்றினால் நிச்சயம் பயன் உண்டு. பழைய ஷவர் நிமிடத்துக்கு 15 லீற்றர் வரை கொட்டும். சிக்கன ஷவர் 9 லீற்றருக்குள் அடங்கும். பத்து நிமிடக் குளியலில் 60 லீற்றர் மிச்சம். இரட்டைப் பொத்தான் கழிப்பறைத் தொட்டியும் அப்படித்தான்.

2018இல் கடும் வறட்சியின்போது தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரம் ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 லீற்றர் என்று வரம்பு விதித்தது. அப்போது அங்குள்ள ஹோட்டல்கள் குளியல் தொட்டிகளின் அடைப்பான்களையே கழற்றி வைத்தன. விருந்தினரை இரண்டு நிமிடத்தில் குளித்து முடிக்கச் சொல்லின. அதுதான் உறுதிமொழி!

மலையகத்தில் மழைக்கா பஞ்சம் என்பார்கள். ஜனவரி முதல் மார்ச் வரை வந்து பார்க்கட்டும். ஊற்றுகள் நூலாக மெலிந்திருக்கும். பல இடங்களில் தேயிலைத் தொழிலாளர் வாழும் வரிசை வீடுகளான லயங்களின் தண்ணீர்ப் பீலிக்கும் அந்த ஊற்றுகள்தான் கதி. கொழுந்து பறித்துக் களைத்து வரும் பெண்கள் குடத்தோடு வரிசையில் நிற்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆகவே துவாய்க் கணக்கைவிட, மேலே ஊற்றிலிருந்து ஹோட்டல் எவ்வளவு எடுக்கிறது என்பதே எனக்கு முக்கியம். மீட்டர் பொருத்தி அந்த அளவை வெளியே சொல்லும் ஹோட்டலை நம்பலாம். கூரை மழைநீரைத் தொட்டியில் சேர்த்துத் தோட்டத்துக்கு விடுகிறார்களா என்றும் அறை பதிவுசெய்யும்போதே கேளுங்கள்.